மெட்டலாக்ஸிலின் எந்தப் பாதியை மண் முதலில் தின்னும்?

உரக்கடை அலமாரியில் இரண்டு பூஞ்சாணக்கொல்லிப் பொட்டலங்கள் அருகருகே இருக்கும். ஒன்றில் மெட்டலாக்ஸில் 8 சதவீதம், மேங்கோசெப் 64 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். மற்றதில் மெட்டலாக்ஸில்-எம் 4 சதவீதம், மேங்கோசெப் அதே 64 சதவீதம். 8 எப்படி 4 ஆனது, ஆகியும் மருந்து ஏன் அதே வேலையைச் செய்கிறது என்பதற்குப் பொட்டலத்தில் விளக்கம் கிடையாது. முதல் பொட்டலத்தில் இருக்கும் மெட்டலாக்ஸிலில் சரிபாதி, நோயைக் கிட்டத்தட்ட தொடுவதே இல்லை. அந்தப் பாதியைக் கழித்துவிட்டு வந்ததுதான் இரண்டாவது.

வேலை செய்யாத பாதி, செய்யும் பாதி இரண்டும் ஒரே அணுக்களால், ஒரே வரிசையில் ஆனவை. ஒரு கார்பன் அணுவைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் அமர்ந்திருக்கும்போது அவை இரண்டு விதமாக அமரலாம். இடது செருப்பும் வலது செருப்பும் போல ஒன்று மற்றதன் ஆடிப் பிம்பம். திருப்பிப் போட்டாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. இப்படிப்பட்ட மூலக்கூறுகளைக் கைரல் மூலக்கூறுகள் என்பார்கள். இரு வடிவங்களுக்கும் ஆர், எஸ் என்று பெயர். இரண்டும் சம அளவில் கலந்திருந்தால் அது சுழிமாய்க் கலவை. பிளஸ் டூ வேதியியலில் படித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துபோன பாடம்தான்.

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் கால்வாசி கைரல் வகை என்று 1990களிலேயே கணக்கிட்டிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சுழிமாய்க் கலவையாகவே விற்கப்பட்டன, காரணம் விலை. ஆலையில் சாதாரண வினையில் செய்தால் இரண்டு வடிவமும் சரிபாதியாகத்தான் வரும். ஒன்றை மட்டும் எடுக்கத் தனி வழி வேண்டும், தனிச் செலவு வேண்டும். வயலுக்குப் போகும் மருந்தில் யாருக்கும் உதவாத பாதியும் சேர்ந்தே போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் மண்ணுக்குப் போன பிறகு அந்த இரண்டு பாதிகளும் ஒன்றாக இருப்பதில்லை. இதை மிகத் தெளிவாகக் காட்டிய மருந்து மெட்டலாக்ஸில் என்பதால்தான் அதை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

மருந்தின் பின்னணி

1977இல் சுவிட்சர்லாந்தின் சிபா-கெய்கி நிறுவனம் மெட்டலாக்ஸிலை அறிமுகப்படுத்தியது. பைட்டோப்தோரா, பித்தியம், அடிச்சாம்பல் நோயை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா போன்ற, பூஞ்சாணம் போலத் தோன்றும் ஊமைசீட் வகை உயிரிகளை இது குறிவைக்கிறது. இவை உண்மையான பூஞ்சாணங்கள் அல்ல என்பது வேறு கதை. அந்த உயிரியின் ரைபோசோம் ஆர்.என்.ஏ. உற்பத்தியை மருந்து தடுத்துவிடும். இலையில் தெளித்தாலும் செடிக்குள் ஊடுருவும், வேரில் ஊற்றினாலும் மேலே ஏறும். விவசாயிகள் விழுந்து விழுந்து வாங்கினார்கள். விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1980இல் அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளைக்கிழங்கு வயல்களில் எதிர்ப்புத்திறன் பெற்ற பைட்டோப்தோரா தலைகாட்டியது. அதன் பிறகுதான் மேங்கோசெப் போன்ற வேறொரு மருந்துடன் கலந்து விற்கும் பழக்கம் வேரூன்றியது. பொட்டலத்தில் அந்த 64 சதவீதம் இருப்பதற்கு அதுவே காரணம்.

வேதியியலில் மெட்டலாக்ஸில் அலனின் என்ற அமினோ அமிலத்தின் வழிவந்தது. நோயைக் கொல்லும் திறன் ஏறத்தாழ முழுவதும் ஆர் வடிவத்தில்தான் இருக்கிறது. அலனினுக்கும் டி, எல் என்று இரண்டு ஆடி வடிவங்கள் உண்டு; ஆர் வடிவம் டி-அலனினின் அமைப்பைக் கொண்டது, எஸ் வடிவம் எல்-அலனினின் அமைப்பைக் கொண்டது. நம் உடல் உட்பட எல்லா உயிர்களின் புரதங்களிலும் இருப்பது எல்-அலனின். ஆகவே மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் தங்களுக்குப் பழகிப்போன எஸ் வடிவத்தைத்தான் முதலில் தின்னும் என்று யாராவது ஊகித்தால் அதில் தப்பில்லை. ஊகம் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

1996இல் ஆர் வடிவத்தை மட்டும் பிரதானமாகக் கொண்ட மெட்டலாக்ஸில்-எம் சந்தைக்கு வந்தது. பாதி அளவில் அதே பலன். இங்கே ஒரு விசித்திரம்: பழைய சுழிமாய் மெட்டலாக்ஸில் 70 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும் வெள்ளைப் படிகம்; மெட்டலாக்ஸில்-எம் அறை வெப்பநிலையில் கெட்டியான எண்ணெய் போன்ற திரவம். நீரில் பழையது லிட்டருக்கு 8 கிராம் சொச்சம் கரையும், புதியது 26 கிராம். ஆரும் எஸ்ஸும் ஒரே பண்புடையவை என்று படித்திருக்கிறோமே, பிறகு எப்படி? படிகத்துக்குள் ஆரும் எஸ்ஸும் ஜோடி சேர்ந்து நன்றாக அடுக்கிக்கொள்கின்றன. தனியாக ஆர் மட்டும் இருந்தால் அந்த அடுக்கு அமைவதில்லை. இது பொட்டலத்துக்குள் இருக்கும் வரைக்குமான வித்தியாசம். தண்ணீரில் கரைந்து மண்ணுக்குள் போனதும் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனி. அங்கே நீரும் களிமண்ணும் வெயிலும் ஆர், எஸ் என்று பேதம் பார்ப்பதில்லை.

பேதம் பார்ப்பது யார்

மண்ணில் விழுந்த மருந்து பல வழிகளில் குறையும். ஆவியாகிப் போகலாம், மழையோடு கீழே இறங்கலாம், களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்ளலாம், ஒளியால் சிதையலாம், நீராற்பகுப்பு அடையலாம். இவை எதிலும் ஆருக்கும் எஸ்ஸுக்கும் வேகம் பெரும்பாலும் ஒன்றே. வேகம் மாறுவது நொதிகளின் கையில் சிக்கும்போதுதான். நொதிகளும் கைரல் மூலக்கூறுகள் என்பதால் இரண்டில் ஒன்று அவற்றின் பிடிக்கு நன்றாகப் பொருந்தும், மற்றது பொருந்தாது.

இது ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. சாதாரணமாக மண்ணில் ஒரு மருந்தின் அளவு குறைந்தால் அது அடித்துக்கொண்டு போனதா, ஆவியானதா, உண்ணப்பட்டதா என்று சொல்வது கடினம். கைரல் மருந்தில் ஆருக்கும் எஸ்ஸுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் போதும். சரிபாதியாக இருந்த கலவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அங்கே ஏதோ உயிர் கைவைத்திருக்கிறது. கிருமிநீக்கம் செய்த மண்ணில் அதே மருந்தை வைத்தால் விகிதம் அசையாமல் நிற்கும். விகிதத்தை அளக்கச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பூசிய குழாய்களைக் கொண்ட வாயு நிறப்பிரிகைக் கருவி வேண்டும். சர்க்கரை மூலக்கூறுகள் வளையமாக இணைந்த அந்தப் பூச்சும் கைரல்தான், அதனால் இரண்டு வடிவங்களையும் வேறு வேறு நேரத்தில் வெளியே விடும். வழக்கமான எச்ச ஆய்வகத்தில் இருக்கும் குழாயில் ஆரும் எஸ்ஸும் ஒரே சிகரமாகத்தான் வரும். அறிக்கையில் "மெட்டலாக்ஸில்" என்று ஒரே எண்தான் இருக்கும்.

வேடன்ஸ்வில் ஆய்வகத்தின் இருபது மண்

சூரிக் ஏரிக்கரையில் இருக்கும் வேடன்ஸ்வில் நகரத்து சுவிஸ் அரசு வேளாண் ஆய்வு நிலையத்தில் ஹான்ஸ்-ருடால்ஃப் பூசர், மார்க்குஸ் முல்லர், தாமஸ் போய்கர், இக்னாஸ் பியூர்கே ஆகியோரின் குழு 1990களிலிருந்தே இந்தக் கேள்வியைத் துருவிக்கொண்டிருந்தது. 2002இல் வெளியான ஆய்வில், அவர்கள் எடுத்த வயல் மண்ணில் ஆர் வடிவம் எஸ்ஸை விட வேகமாகச் சிதைந்தது. டி, எல் பார்த்துப் போட்ட ஊகம் அங்கேயே விழுந்தது. ஆனால் கழிவுநீர்ச் சேற்றில் வைத்தபோது எஸ்தான் முதலில் போனது. ஒரே மருந்து, இரண்டு இடத்தில் எதிரெதிர் விருப்பம்.

இன்னொரு சந்தேகத்தையும் அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மண்ணில் ஆர் எஸ்ஸாகத் திரும்பிக்கொள்ளுமா? இது வீண் சந்தேகம் அல்ல. மெகோப்ராப், டைகுளோர்ப்ராப் என்ற களைக்கொல்லிகள் மண்ணில் உண்மையிலேயே இப்படித் திரும்பிக்கொள்வதை 1997இல் இதே குழுவினர் காட்டியிருந்தார்கள். தூய ஆரை மட்டும் போட்டாலும் கொஞ்ச நாளில் எஸ் முளைக்கும். மெட்டலாக்ஸிலில் அது நடக்கவில்லை. தூய வடிவங்களைத் தனித்தனியாக மண்ணில் இட்டுப் பார்த்தபோது ஒன்று மற்றதாக மாறவில்லை. ஆகவே விகிதம் சாய்ந்தால் ஒன்று வேகமாக உண்ணப்பட்டது என்று மட்டுமே பொருள்.

அடுத்த வருடம், 2003இல், பியூர்கேயும் மற்றவர்களும் செய்ததுதான் இந்த வழக்கின் மையம். இருபது வெவ்வேறு மண்ணை எடுத்தார்கள். மண் குணங்கள் எவ்வளவு பரவலாக முடியுமோ அவ்வளவு பரவலாக இருக்கும்படி தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் சுழிமாய் மெட்டலாக்ஸிலைக் கலந்து ஆய்வகத்தில் வைத்து, ஆரும் எஸ்ஸும் எந்த வேகத்தில் குறைகின்றன என்று தொடர்ந்து அளந்தார்கள். மருந்து சிதைந்து முதலில் உருவாகும் மெட்டலாக்ஸில் அமிலத்தின் இரு வடிவங்களையும் கூடவே பின்தொடர்ந்தார்கள். ஆர், எஸ் வேறுபாட்டைத் தரும் அந்தக் கார்பன் அப்படியே இருக்கும் என்பதால் தாய் மூலக்கூறில் எந்த வடிவம் வேகமாகக் குறைகிறதோ அதே வடிவம் அமிலத்தில் முதலில் ஏற வேண்டும். ஒரு அளவீடு மற்றதற்குச் சாட்சி.

முடிவு இப்படி வந்தது. காற்றோட்டமுள்ள மண்ணில் பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5க்கு மேல் இருந்தால் ஆர் வேகமாகச் சிதைந்தது, மிஞ்சியதில் எஸ் அதிகம். பி.எச். 4 முதல் 5 வரை இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம். 4க்குக் கீழே போனால் தலைகீழ்: எஸ் வேகமாகப் போனது, ஆர் தங்கியது. காற்றில்லாத நிலையில் வைத்த மண்களிலும் பெரும்பாலும் இதே தலைகீழ் நிலைதான். ஆரின் வேகத்திலிருந்து எஸ்ஸின் வேகத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து ஓர் எண்ணை உருவாக்கினார்கள், அது பி.எச்.சுடன் சீராக ஏறி இறங்கியது.

எனக்கு இதில் வியப்பு, பி.எச். நேரடியாக எதையும் செய்யவில்லை என்பதுதான். ஹைட்ரஜன் அயனிக்கு ஆர், எஸ் தெரியாது. புளிப்பு மண்ணில் ஒரு கூட்டம் நுண்ணுயிரிகள் செழிக்கின்றன, நடுநிலை மண்ணில் வேறொரு கூட்டம். அவற்றின் நொதிகளின் கைப்பழக்கம் வேறு. நாம் பி.எச். மீட்டரில் அளப்பது, யார் அங்கே குடியிருக்கிறார்கள் என்பதன் நிழலைத்தான்.

சரி, இது சுவிட்சர்லாந்து மண்ணுக்கு மட்டுமா? அதே 2003இல் மோன்கியேஜே, ஷ்பிட்டெல்லர், பெஸ்டர் ஆகியோர் ஜெர்மனி மண்ணையும் கேமரூன் மண்ணையும் ஒப்பிட்டார்கள். கேமரூனில் கோகோவின் கருங்காய் நோய்க்கு மெட்டலாக்ஸில் நிறையப் பயன்பட்டு வந்தது. ஜெர்மனி மண்ணில் ஆர் முதலில் போனது, கேமரூன் மண்ணில் எஸ் முதலில் போனது. ஐரோப்பாவில் மருந்தைப் பதிவுசெய்ய அளந்த சிதைவு வேகத்தை அப்படியே வெப்பமண்டலத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவதில் என்ன சிக்கல் என்பதற்கு இதைவிட நேரடி உதாரணம் தேவையில்லை.

நிலத்தை மாற்றினால் விருப்பமும் மாறும்

இதற்கு முன்பே, 1999இல், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஏதென்ஸ் (ஜார்ஜியா மாநிலம்) ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் லூயிஸ், வெய்ன் காரிசன் முதலியோர் டைகுளோர்ப்ராப் களைக்கொல்லியை வைத்து ஒரு சோதனை செய்து நேச்சர் இதழில் வெளியிட்டிருந்தார்கள். பிரேசிலில் காட்டு மண்ணையும், காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடத்து மண்ணையும் எடுத்தார்கள். மேய்ச்சல் மண் ஏறக்குறைய எல்லா மாதிரிகளிலும் களையைக் கொல்லாத வடிவத்தை முதலில் தின்றது. காட்டு மண்ணில் பெரும்பாலானவை களையைக் கொல்லும் வடிவத்தை முதலில் தின்றன, இல்லையென்றால் இரண்டையும் ஒரே வேகத்தில் தின்றன. அப்புறம் பிரேசில், வட அமெரிக்க மண்களில் அங்ககச் சத்தைச் சேர்த்தபோது, டைகுளோர்ப்ராப்பின் மெத்தில் எஸ்டர் விஷயத்தில் விருப்பம் களையைக் கொல்லாத வடிவத்தின் பக்கம் பலமாகச் சாய்ந்தது. அதாவது மிஞ்சிய எச்சத்தில் செடியைத் தாக்கும் பங்கு கூடியது.

இந்த ஆய்வையும் வேடன்ஸ்வில் ஆய்வையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். மருந்தின் மூலக்கூறை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எந்தப் பாதி மிஞ்சும் என்று சொல்ல முடியாது. காட்டை வெட்டினோமா, எருப் போட்டோமா, சுண்ணாம்பு போட்டோமா, தண்ணீர் தேங்கியதா என்பதில்தான் விடை இருக்கிறது. மருந்துக் கம்பெனி கட்டுப்படுத்த முடியாத, விவசாயி தினமும் செய்கிற வேலைகள் இவை.

உடனே பி.எச். விதியை எல்லா மருந்துக்கும் நீட்டிவிடக் கூடாது. இதே சுவிஸ் குழு 2006இல் எபாக்சிகோனசோல், சைப்ரோகோனசோல் என்ற இரு பூஞ்சாணக்கொல்லிகளைப் பார்த்தது. இரண்டும் டிரையசோல் குடும்பம், நெருங்கிய உறவு. முதலாவதில் பி.எச்.சுக்கும் விருப்பத்துக்கும் தொடர்பு தெரிந்தது. இரண்டாவதில் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு மருந்தையும் தனியாகத்தான் பார்த்தாக வேண்டும், குறுக்குவழி கிடையாது.

ஒற்றை அரைவாழ்காலம் என்னும் பொய்

பதிவு ஆவணங்களில் மண்ணில் இந்த மருந்தின் அரைவாழ்காலம் இத்தனை நாள் என்று ஓர் எண் இருக்கும். சுழிமாய்க் கலவைக்கு அந்த எண் எவ்வளவு ஏமாற்றும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே வருபவை அளந்த எண்கள் அல்ல, விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை.

ஆரின் அரைவாழ்காலம் 10 நாள், எஸ்ஸின் அரைவாழ்காலம் 60 நாள் என்று வைப்போம். பத்தாவது நாளில் ஆரில் பாதி மிஞ்சும், எஸ்ஸில் 89 சதவீதம் மிஞ்சும். மொத்தத்தில் 70 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த ஓர் அளவீட்டை வைத்து ஒரே மருந்தாக எண்ணிக் கணக்கிட்டால் அரைவாழ்காலம் 19 நாள் என்று வரும். அந்த 19ஐ நம்பினால் அறுபதாவது நாளில் 11 சதவீதம் மிஞ்ச வேண்டும். உண்மையில் மிஞ்சுவது 26 சதவீதம், இரண்டு மடங்குக்கு மேல். அந்த 26இல் நோயைத் தடுக்கும் ஆர், முதலில் இட்ட மொத்த மருந்தில் ஒரு சதவீதம்கூட இல்லை.

இப்போது இதை வயலுக்குப் பொருத்துங்கள். பி.எச். 5க்கு மேலுள்ள மண்ணில் பழைய மெட்டலாக்ஸிலை வேரில் ஊற்றிய விவசாயிக்கு, பாதுகாப்பு தீர்ந்த பிறகும் எச்சம் மண்ணில் நிற்கும். ஆய்வகத்தில் கொடுத்தால் "இன்னும் மருந்து இருக்கிறது" என்று அறிக்கை வரும், செடியோ அழுகும். எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்று பழியை நோய்க்கிருமி மேல் போடுவது எளிது. ஒரே மண்ணில் திரும்பத் திரும்ப ஊற்றினால் நுண்ணுயிரிகள் பழகி வேகம் கூட்டிக்கொள்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; கலிபோர்னியாவின் அவகாடோ தோட்டங்களில் 1980களிலேயே மெட்டலாக்ஸில் விஷயத்தில் இது பதிவாகிவிட்டது.

நிலத்தடி நீர்க்காரர்களுக்குக் கவலை வேறு. மெட்டலாக்ஸில் மண் துகள்களில் இறுக ஒட்டாத மருந்து, கீழே இறங்கக்கூடியது. அதன் அமிலம் இன்னும் சுலபமாக இறங்கும். மெதுவாகச் சிதையும் பாதிதான் கீழே போக அதிக அவகாசம் பெறுகிறது. சுழிமாய்க் கலவையைத் தெளித்துவிட்டு, நடுநிலை மண்ணில், எதற்கும் உதவாத எஸ்ஸைத்தான் நாம் கிணற்றுப் பக்கம் அனுப்பிவைக்கிறோம். மெட்டலாக்ஸில்-எம்முக்கு மாறினால் இந்தச் சுமை வெகுவாகக் குறையும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காப்புரிமைக் காலம் தீரும் நேரத்தில் கம்பெனிகள் ஒற்றை வடிவத்தைப் புது மருந்தாகக் கொண்டுவருவதில் வியாபாரக் கணக்கும் இருக்கிறது. இருக்கட்டும், இந்த விஷயத்தில் மண்ணின் கணக்கும் அதே பக்கம்தான்.

நம் பக்கத்து மண்

நீலகிரியில் உருளைக்கிழங்கு, கேரட் விளையும் மேட்டு நிலங்கள் புளிப்பானவை. அதிக மழையில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்து போய்விடுவதால் பி.எச். 5ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் உள்ள வயல்கள் சகஜம். குடகு, வயநாடு மிளகுத் தோட்டங்களும் புளிப்பு மண்தான். இரண்டு இடத்திலும் பைட்டோப்தோராதான் முதல் எதிரி: உருளையில் பின் கருகல், மிளகில் விரைவு வாடல். மெட்டலாக்ஸில் கலவைகள் இரண்டு பயிருக்கும் போகின்றன.

சுவிஸ் முடிவை இங்கே பொருத்தினால், இந்த மண்களில் பல பி.எச். 4 முதல் 5 வரையிலான நடுப்பட்டையில் விழும், அதாவது இரண்டு பாதிகளும் ஒத்த வேகத்தில் போகும் இடம். ஆனால் நீலகிரி விவசாயி சும்மா இருப்பதில்லை. புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்போ டோலமைட்டோ இடுகிறார், தொழு உரம் கொட்டுகிறார். பி.எச். 5ஐத் தாண்டினால் ஆர் முதலில் தீரும் பக்கம் மண் சாயலாம். பின் கருகலும் வாடலும் வெறிகொண்டு பரவும் காலமோ அடைமழைக் காலம். அப்போது தாழ்வான பாத்திகளில் தண்ணீர் தேங்கிக் காற்றோட்டம் நின்றால் எதிர்ப்பக்கம் சாயலாம். ஒரே வயலில், ஒரே பருவத்தில் இரண்டும் நடக்க வாய்ப்புண்டு.

இதைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரே வயலில் சுண்ணாம்பு இட்ட பாத்தி, இடாத பாத்தி, தண்ணீர் தேங்கவிட்ட பாத்தி என்று மூன்று வகை மண்ணை எடுத்து, சுழிமாய் மெட்டலாக்ஸிலைக் கலந்து, ஒவ்வொன்றுக்கும் கிருமிநீக்கம் செய்த ஒரு ஜோடியைத் துணைக்கு வைத்து, இரண்டு மாதம் ஆர்-எஸ் விகிதத்தை அளந்தால் போதும். கைரல் குழாய் உள்ள ஒரு நிறப்பிரிகைக் கருவி கிடைத்தால் ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வேட்டுக்குள் அடங்கும் வேலை. அளக்கும்போது மெட்டலாக்ஸில் அமிலத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். தாய் மூலக்கூறில் மட்டும் விகிதம் சாய்ந்தால், சாய்வு கருவியின் பிழையா மண்ணின் வேலையா என்று பிறகு வாதாட வேண்டியிருக்கும்.